விட்ட இடத்தில் பிடிப்பது

சீட்டு மேசையில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: ‘விட்ட எடத்துலதான் பிடிக்கணும்.’ ரம்மியில் சொன்னார்கள், மங்காத்தாவில் சொன்னார்கள், இப்போது போக்கரிலும் சொல்கிறார்கள். தமிழில் சீட்டாடுகிறவன் ‘நஷ்டம்’ என்று சொல்வதில்லை, ‘விட்டது’ என்றுதான் சொல்கிறான். அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டி மாதிரி அந்தப் பணம் இன்னும் எங்கேயோ பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கிறது, எட்டிப் பிடித்தால் வந்துவிடும் என்கிற நினைப்பு அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தோல்வியைத் தற்காலிகமானதாகக் காட்டுகிற இந்த மொழிக்கிடங்கிலிருந்துதான் நான் பேசத் தொடங்க வேண்டியிருக்கிறது. காரணம், நானும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு மணி நேரத்தில் 10,800 ரூபாய் விட்டேன்.

2023 மார்கழி. கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்கு மேலிருக்கும் அறை. ஐந்து பேர். ஊரடங்கு நாட்களில் பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவர்தான் எங்களுக்குப் போக்கரைக் கற்றுக்கொடுத்தவர். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடினாற்போல. மேசையில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தாற்போல, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிடலாம். ரம்மி ஆடிய கைக்கு இது முதலில் விளையாட்டாகவே தெரியாது. சீட்டைவிட எதிராளியின் முகத்தை அதிகம் வாசிக்க வேண்டிய ஆட்டம் என்பதால் எனக்கு இது தோதானது என்று நினைத்தேன். பிரதியை வாசித்துப் பிழைக்கிறவன் முகத்தை வாசிக்க முடியாதா என்கிற திமிர். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு வேறு எங்கே திமிர் கிடைக்கும்!

என் கையில் இரண்டு ஏஸ். எதிரில் இருந்தவர் கையில் இரண்டு ராஜா. எல்லாப் பணமும் நடுவில் போனது. கடைசிச் சீட்டாக மேசையில் விழுந்தது இஸ்பேட் ராஜா. அந்த ஒரு சீட்டில் 3,200 ரூபாய். ஒரு மாத காலம் இந்தக் கதையை நான் இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். டீக்கடையில், கல்லூரி ஆசிரியர் அறையில், விழுப்புரத்தில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. ராஜா விழுவதற்கு முன்னால் எதிராளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார் என்று ஒரு கட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். அது நடக்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன், இது எனக்கு மட்டும் உரிய கதையில்லை. போக்கர் ஆடுகிற ஒவ்வொருவரிடமும் இதே கட்டமைப்பில் ஒரு கதை இருக்கிறது. கதைசொல்லி சரியாகவே ஆடினான், எதிராளி மூடன், கடைசிச் சீட்டு துரோகம் செய்தது. மூன்றே உறுப்புகள். இதை ஓர் இலக்கிய வகை என்றே சொல்லலாம். எல்லா இலக்கிய வகைகளையும் போலவே இதுவும் எதையோ சொல்வதற்காக வேறெதையோ மறைக்கிறது.

மறைந்திருந்தது என்ன என்பதைப் போக்கர் பற்றிய கையேடுகளே எனக்குக் காட்டின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்கில் இப்படிப்பட்ட கையேடுகள் நிறைய. அவற்றின் அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: எடுத்த முடிவையும் விளைந்த விளைவையும் தனித்தனியாகப் பார். இரண்டு ஏஸ் இரண்டு ராஜாவை எதிர்த்தால் நூற்றில் ஏறத்தாழ 82 தடவை ஏஸ் ஜெயிக்கும். 18 தடவை தோற்கும். என் கதையின் துரோகம் ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை நடந்தே தீர வேண்டிய சாதாரண நிகழ்ச்சி. அந்தச் சீட்டில் நான் செய்தது சரி, கற்றுக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட சீட்டுகளில் இருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். அந்த ராஜா விழுந்த பிறகு வந்த சீட்டுகளில் நான் கவிழ்த்தவை இரண்டோ மூன்றோதான். ஏழும் இரண்டும் வந்தபோதுகூடப் பணம் கட்டியிருக்கிறேன். என்னை வீழ்த்தியவரை எதிர்த்து மட்டும் ஆடியிருக்கிறேன், மற்ற மூன்று பேரும் மேசையில் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. மொத்தம் விட்டது 14,000. அதில் கதை உள்ள இழப்பு 3,200. கதை இல்லாத இழப்பு 10,800. டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைக் கணக்காகக் காட்டினார்கள்: லாபத்தில் இருக்கிறவன் உறுதியானதைப் பற்றிக்கொள்கிறான், நஷ்டத்தில் இருக்கிறவன்தான் துணிந்து பந்தயம் வைக்கிறான். இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் கூடுகிறது, உடம்பு துன்பப்படத் துன்பப்பட உயிர் அதன்மேல் ஆசை வைப்பதைப் போல என்று திருக்குறளில் சூது அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்வதும் இதைத்தான். அதை ‘அறிவுரை’ என்று வகுப்பில் பத்து வருஷமாக நடத்தியவன் நான். அது அறிவுரையே இல்லை, ஒரு கவனிப்பு. மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் எழுதியது.

நோட்டில் இன்னொரு கணக்கும் வந்தது. தோற்ற நான்கு பேரின் இழப்பைக் கூட்டினால் 24,000. ஜெயித்தவர் எடுத்துப் போனது 16,000. மீதி 8,000 எங்கே? அறை கொடுத்தவர் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்கிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அதில் விழும்: வாடகை, டீ, கரண்ட், புதுச் சீட்டுக்கட்டு. மணிக்கு இருபது ஆட்டம், எட்டு மணி நேரம், ஆட்டத்துக்குச் சராசரி ஆயிரம் ரூபாய். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அவர் ஏமாற்றவில்லை, நல்ல மனிதர், விடியற்காலையில் என்னை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டவரும் அவரே. ஆனால் அந்த ராத்திரியில் ஒரு முறைகூடத் தோற்காதது அந்த டப்பா மட்டும்தான். எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தோம்.

டப்பா புதிதும் இல்லை. சூதாட்டத்தை அரசின் மேற்பார்வையில் ஓரிடத்தில் நடத்தி வென்றதில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்று அர்த்தசாஸ்திரம் அதிகாரிக்குச் சொல்கிறது. 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் ஆட்டங்களில் கட்டுகிற பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள். டப்பாவின் அளவு மாறுகிறது, அவ்வளவுதான்.

இனி எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பழைய தென்னார்க்காட்டில் பிறந்தவனுக்குச் சூது என்றால் திரௌபதியம்மன் கோயில் பாரதம்தான். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பதினெட்டு நாள் போரைவிடச் சூது, துகிலுரிதல் ராத்திரிக்குத்தான் கூட்டம். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தான். அவருடைய சூதுபோர்ச் சருக்கத்தின் நிழல் இந்தக் கூத்துகள்மேல் இருக்கிறது. சகுனியின் பகடை அவன் அப்பனின் எலும்பால் செய்தது என்கிற நாட்டார் கதையைச் சின்ன வயதில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சொன்ன எண் விழும். அப்படியானால் தருமன் தோற்றதில் தருமனுக்குப் பங்கே இல்லை. இஸ்பேட் ராஜா விழுந்துவிட்டது, அவ்வளவுதான்! சகுனியின் எலும்புப் பகடை என்பது ஒரு சமூகமே கூடிச் சொல்லிக்கொள்கிற என் டீக்கடைக் கதை. பகடை பொய் என்றானபின் ஆடியவனைக் கேட்க எந்தக் கேள்வியும் மிச்சமில்லை. வியாசரில் அதே தருமன் எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு, மறுபடி கூப்பிட்டதும் மறுபடி வந்து உட்காருகிறான் என்பதை எலும்புக் கதையால் விளக்க முடியாது.

பாரதி இதை விடவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912ல் வந்தது. நாட்டைப் பணயம் வைக்கிற தருமனைக் கதைசொல்லியே குறுக்கிட்டுத் திட்டுகிறான்: பூசை செய்கிறவன் கோயில் சிலையை விற்பதைப் போல, வாசல் காக்கிறவன் வீட்டை வைத்து இழப்பதைப் போல என்று. அண்ணன் கையை எரிக்க நெருப்புக் கொண்டுவா என்று வீமன் கத்துவதும் அதே காவியத்தில்தான். தேசிய உருவகமாக மட்டும் இந்தக் காவியத்தை வாசித்துப் பழகிய நம் விமர்சனம், அந்த இரண்டு உவமைகளிலும் இருக்கிற சொத்துக் கேள்வியைக் கடந்து போய்விட்டது. பூசாரிக்குச் சிலை சொந்தமில்லை. காவலாளிக்கு வீடு சொந்தமில்லை. ஆடியது சரியா தப்பா என்பதற்கு முன்னால், யாருடையதை வைத்து ஆடினாய் என்று பாரதி கேட்கிறான்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். நம் பரிசீலனைக் கூட்டங்கள். நான் உட்கார்ந்து கேட்ட கூட்டங்களில், வாசித்த அறிக்கைகளில், தோல்வி வந்ததெல்லாம் இரண்டு வழியாகத்தான்: துரோகம், புறச்சூழல். நம் நிலைப்பாடு சரியாக இருந்தது, கடைசிச் சீட்டு ராஜாவாக விழுந்தது. ராஜா விழுந்த பிறகு அடுத்த மூன்று வருஷம் எந்தச் சீட்டுக்கெல்லாம் பணம் கட்டினோம் என்று எழுதிய ஓர் அறிக்கையை நான் பார்த்ததில்லை. யாருடைய பணம், யாருடைய படிப்பு, யாருடைய கால் என்று எழுதியதையும் பார்த்ததில்லை. ‘அனுபவம்’ தலைமைக்கு வரவாகிறது, செலவு கணக்கில் வேறு பேர் இருக்கிறது. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். படட்டும்.

தோற்றுவிட்டுக் கற்றுக்கொண்ட ஒருவன் நம் மரபில் இருக்கிறான். நளன். புட்கரனிடம் நாட்டைத் தோற்றுக் காட்டுக்குப் போனவன், உருமாறி இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகச் சேருகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதில் எத்தனை காய் என்று தேரிலிருந்தபடியே இருதுபன்னன் எண்ணிச் சொல்கிறான். புகழேந்தியின் நளவெண்பாவில் அது பத்தாயிரம் கோடி. நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தேரோட்டும் வித்தையைக் கொடுத்து எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். அந்த நிமிஷம் கலி அவனை விட்டு இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் இதை ‘விதி முடிந்தது’ என்று சொல்லித்தந்தார்கள். ஆனால் ஏன் தான்றி மரம்? வேத காலத்துச் சூதில் பகடையே தான்றிக்காய்தான். கை நிறைய அள்ளி எறிந்து நான்கு நான்காக எண்ணுவார்கள். மிச்சமில்லாமல் வந்தால் கிருதம், அது வெற்றி. ஒன்று மிஞ்சினால் அதன் பேர் கலி. யுகங்களின் பெயர்களே இந்த ஆட்டத்திலிருந்து வந்தவை. ஆக நளனைப் பிடித்தது ஏதோ பேயோ பிசாசோ இல்லை, எண்ணத் தெரியாதவனுக்கு மிஞ்சுகிற அந்த ஒன்று. எண்ணத் தெரிந்ததும் அது போய்விட்டது. நானறிந்த வரை தோல்வியிலிருந்து கற்றல் என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன கதை வேறில்லை. இதை வனவாசத்தில் தருமனுக்கே ஒரு முனிவர் சொல்கிறார். சொல்லிவிட்டுப் பகடையின் ரகசியத்தையும் கற்றுக்கொடுக்கிறார். விராடன் சபைக்குத் தருமன் சூதாட்ட வல்லுநன் கங்கனாகப் போவது அந்தப் படிப்பின் பலத்தில்.

தான்றியைப் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர், பிறகு வெள்ளிமலை. கடுக்காய்க்குப் பேர்போன மலை. நெல்லியும் கடுக்காயும் தான்றியும் சேர்ந்ததுதான் திரிபலா என்பது நாட்டு மருந்துக்கடையில் எல்லோருக்கும் தெரியும். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த ஊர்கள் இவை. காய் பொறுக்கி வாழ்ந்த ஒரு பெரியவர் தான்றி மரத்தைக் காட்டினார். இருதுபன்னன் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“எண்றதாவது தம்பி! மூட்டதான். யாவாரி முன்னாடியே காசு குடுத்துடுவான். அவன் தராசுல எத்தன கிலோ வருதோ அத்தன.”

“நீங்க தனியா எடபோட்டுப் பாத்ததில்லையா?”

“பாத்தா? அடுத்த வருசம் முன்பணம் யாரு குடுப்பா?”

எண்ணும் வித்தை அவருக்குத் தெரியாமல் இல்லை. எண்ணுகிற உரிமையை முன்பணம் வாங்கிக்கொண்டுவிட்டது. தேரிலிருந்து எண்ணுகிறவன் அரசன், மரத்தடியில் பொறுக்குகிறவனுக்கு மூட்டை என்று நளன் கதையிலேயே இது இருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. இதே முன்பணத்தை வாங்கிக்கொண்டு வட மாவட்டங்களின் மலைகளிலிருந்து ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களின் பந்தயம் எது, டப்பா யாருடையது? தோல்வியிலிருந்து கற்றுக்கொள் என்கிற கையேட்டு வாக்கியத்தை அந்த மரத்தடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. கற்றுக்கொள்ள அடுத்த ஆட்டம் வேண்டும். அடுத்த ஆட்டத்துக்குக் கையில் மிச்சம் வேண்டும்.

‘திறமை’ என்கிற சொல்லை இந்த இடத்தில்தான் சந்தேகிக்கத் தொடங்கினேன். ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொன்னது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த காலத்தில் தமிழக அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022ல் மறுபடி சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குச் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. சட்டங்களின் கதை இது. சொல்லாடலின் கதை வேறு. திறமை ஆட்டம் என்று ஆகிவிட்டால், தோற்றவன் திறமை குறைந்தவன் என்று ஆகிவிடுகிறது. குற்றம் முழுக்க அவன் தலையில். டப்பாவைப் பற்றிப் பேச்சே வராது. போக்கரில் திறமை இருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை. என் நோட்டே அதற்குச் சாட்சி. அந்த உண்மை யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது. ஒருவனை இல்லாமல் ஆக்குகிற மூன்றாக அவர் சொல்வது கவறு, கழகம், கை. கவறு பகடை. கழகம் ஆடுகிற இடம் (அந்தச் சொல் பிறகு எங்கெங்கோ போய்ச் சேர்ந்ததை இங்கே பேச இடமில்லை). கை என்றால் என்ன? ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில் என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். திறமை! அதிர்ஷ்டத்தை நம்புகிறவனைவிடத் தன் கையை நம்புகிறவன்தான் எழுந்து போக மாட்டான். இதே அதிகாரத்துக்கு முந்திய அதிகாரம் கள்ளுண்ணாமை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, ‘குடிச்சா சாவத்தான் வேணும்’ என்று குறளை மேற்கோள் காட்டாத குறையாகப் பேசியவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். தொண்ணூற்று மூன்றுக்கும் தொண்ணூற்று நான்குக்கும் நாம் எழுதுகிற உரை ஒன்றாகத்தான் இருக்கிறது.

நளனிடம் திரும்ப வேண்டும், முடிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. புகழேந்தியை விட்டு வியாசரின் வனபர்வத்துக்குப் போனால் அங்கே ஒரு விவரம். முதல் ஆட்டத்தில் எல்லாம் தோற்று நிற்கிற நளனிடம், தமயந்தி இருக்கிறாளே, அவளை வை என்கிறான் புட்கரன். நளன் வைக்கவில்லை. பதில்கூடச் சொல்லாமல், உடம்பிலிருந்த நகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றைத் துணியோடு வெளியேறுகிறான். கலி பிடித்திருந்தபோதே வைக்கவில்லை. பிறகு கலி நீங்குகிறது, எண்ணும் வித்தை வருகிறது, மறு ஆட்டத்துக்குப் போய் உட்காருகிறான். அப்போது அவனே சொல்கிற பந்தயத்தில் தமயந்தியும் இருக்கிறாள். ஜெயித்துவிடுகிறான் என்பதால் நாம் இதைக் கவனிப்பதில்லை. விளைவை வைத்து முடிவை மதிப்பிடாதே என்று கையேடு சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாமே! பைத்தியம் பிடித்திருந்த காலத்தில் செய்யாததைப் படிப்பு முடிந்ததும் செய்கிறான். தோல்வியிலிருந்து அவன் கற்றது அவனை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

நான் விட்ட 14,000த்தில் 8,000தான் என்னுடையது. மீதி 6,000 அக்காவுடையது. மகளிர் குழுக் கடன் தவணை. மறுநாள் பேங்கில் கட்டச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியது. இதையும் யாரிடமும் சொன்னதில்லை, இருபது தடவை சொன்ன கதையில் இந்த 6,000 வராது. மேசையில் அதை எடுத்தபோது எனக்கு ஒரு நடுக்கமும் இல்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். எதிராளியின் ஆட்டம் எனக்குப் புரிந்துவிட்டது என்று அப்போது நம்பினேன். சரியாகப் புரிந்தும் இருந்தது என்று நினைக்கிறேன். அதுதான் தைரியம் கொடுத்தது.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மொதல்ல எது போச்சு? உன் காசா, என் காசா?”

“என்னுதுதான் மொதல்ல.”

“உன்னுது போனப்பறம் என்னத்த வெச்சிக்கினு ஒக்காந்திருந்த?”

அவள் ஏழாவது வரை படித்தவள். கூத்து நிறையப் பார்த்தவள். சபைக்கு இழுத்துவர ஆள் வந்தபோது திரௌபதி கேட்டனுப்பியதும் இதைத்தான்: முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? பீஷ்மனால் பதில் சொல்ல முடியாத கேள்வி. தன்னை இழந்தவனுக்கு இன்னொருத்தியை வைக்க என்ன உரிமை என்று சட்டப் புள்ளியாக இதை விளக்குவார்கள். அக்கா கேட்டபோது அது சட்டப் புள்ளியாக இல்லை. என்னிடம் ஆடுவதற்கு ஒன்றுமே இல்லாத நேரத்திலும் நான் ஆட்டக்காரனாகவே உட்கார்ந்திருந்தேன் என்பதைக் கேட்டாள். கையேடுகளில் ‘ஆட்ட முதல்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும், இத்தனை மடங்கு வைத்திருந்தால்தான் மேசைக்குப் போக வேண்டுமென்று. அது யாருடைய பையிலிருந்து வந்தது என்று எந்தக் கையேடும் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. ஒவ்வொரு சித்திரையிலும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிற திருநங்கைகளைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அரவான் சூதாடவில்லை, அஸ்தினாபுரத்துச் சபையில் அவன் இல்லவே இல்லை. பெரியவர்கள் விட்டதைப் பிடிப்பதற்கான போரில் ஜெயிக்க ஒரு தலை தேவைப்பட்டது, அவ்வளவுதான். பாரதத்தைச் சூதிலிருந்து கூவாகம் வரை ஒரே கணக்காக எங்கள் பக்கத்துக் கோயில்கள் வைத்திருக்கின்றன. நளவெண்பாவில் மரத்துக் காய்களை எண்ணியவர்கள் இந்தத் தலையை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அக்காவின் 6,000த்தை ஐந்து மாதத்தில் கொடுத்தேன். குழுவில் அவள் அந்தத் தவணைக்கு வேறொருத்தியிடம் கைமாற்று வாங்கிக் கட்டியிருந்தாள், அதற்கு வட்டி உண்டு என்பது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. நோட்டில் அதையும் சேர்த்தேன். பத்திகள் இப்போது நான்கு: சீட்டு, என் முடிவு, டப்பா, யாருடையது.

போன பொங்கலுக்கு அறைக்காரர் கூப்பிட்டார். “வாத்தியாரே, ரொம்ப நாளாச்சு, வாங்க, சும்மா சின்னதா.” வருகிறேன், ஆனால் டப்பாவை உங்கள் பக்கத்தில் வைக்காமல் மேசை நடுவில், மூடியைத் திறந்து வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அது எதுக்கு?” என்றார். ஆடும்போது எல்லோருக்கும் தெரியட்டுமே என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார். மறுபடி கூப்பிடவில்லை.